'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா? (ஒரு குளியலறைப் படத்தால் வந்த வினை)

இரண்டு_ரூம் · இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி பக்கம் வட்டக்கோட்டை போற வழியில ரெண்டு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன். டிசம்பர்ல மூணு நாள் தங்கணும்னு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேட்டாங்க. ரூம், மொட்டைமாடி, குளியலறை எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த அம்மா போட்ட பதிலை எழுத்து மாறாம தாறேன்: "வி வேர் எ பிட் புட் ஆஃப் பை த பாத்ரூம்."

எனக்குத் தெரிஞ்ச புட் ஆஃப் ஒண்ணே ஒண்ணுதான். மீட்டிங் புட் ஆஃப், பரீட்சை புட் ஆஃப். சரி, குளியலறை வேலை முடியட்டும்னு பயணத்தைத் தள்ளி வச்சிருக்காங்கன்னு நெனச்சு, "நோ ப்ராப்ளம் மேடம், புட் ஆஃப் டு விச் டேட்?"னு சந்தோஷமா எழுதிட்டேன். பத்து நாளாச்சு, பதில் இல்ல. அந்த மூணு நாளுக்கு வேற ஆளும் எடுக்கல.

நேத்து பிளஸ் டூ படிக்கிற மக அதைப் படிச்சிட்டு, சிரிச்சு சிரிச்சு தரையில உக்காந்துட்டா. "அப்பா, உங்க குளியலறையைப் பாத்து அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, அதான் அர்த்தம்"ங்கா.

இதுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் இருக்கு? நெட்ல தேடினா போஸ்ட்போன், டிலே, டிஃபர், அட்ஜர்ன், ஷெல்வ், டேபிள், சஸ்பெண்ட், ரிபெல், டிடர், டிஸ்ட்ராக்ட்னு எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி வச்சிருக்கான். எதை எங்க எடுக்க?

முப்பந்தல்_காத்து · இரவு 9.20

அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, அந்தக் குளியலறையில அப்படி என்னதான் இருந்துச்சு?

இரண்டு_ரூம் · இரவு 9.24

ஒண்ணுமில்ல தம்பி. பச்சை வாளி, காது ஒடஞ்ச கப்பு. செவுத்துல இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துப் பெயிண்ட் உரிஞ்சு நிக்கு. கடலுக்குப் பக்கத்து வீடு, பூக்காம இருக்குமா? நமக்குக் கண்ணு பழகிட்டு. போட்டோவுல பாத்தா ஏதோ தோல் வியாதி மாதிரிதான் இருக்கு.

பழைய_டீச்சர் · இரவு 9.51

முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அர்த்தங்களை எண்ணிப் பிரயோஜனமில்லை. எது தள்ளப்படுகிறது என்று பாருங்கள், போதும். நிகழ்ச்சியோ வேலையோ தள்ளப்பட்டால் ஒத்திவைப்பு: 'தே புட் ஆஃப் த வெடிங்'. ஆள் தள்ளப்பட்டால் கதையே வேறு. 'த ஸ்மெல் புட் மி ஆஃப்' என்றால் அந்த வாடையில் எனக்கு ஆசையே விட்டுப்போயிற்று. உங்கள் மெயிலில் 'வி வேர் புட் ஆஃப்' என்று ஆட்கள்தான் தள்ளப்பட்டிருக்கிறார்கள். பயணம் என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. தள்ளியது யார் என்பதற்கு 'பை த பாத்ரூம்' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

ஆளைத் தள்ளுவதில் இன்னும் இரண்டு தினுசு உண்டு. கடன் கேட்டு வந்தவனை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்புவது ஒன்று: 'ஹி கீப்ஸ் புட்டிங் மி ஆஃப்'. கவனத்தைக் கலைப்பது இன்னொன்று. கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் டோர்னமெண்ட் பார்த்திருப்பீர்களே, பெனால்டி அடிக்க ஒருவன் பந்தை வைத்ததும் கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்கும் பொடியன்கள் எல்லாரும் ஊளையிடுவார்கள். 'தே ஆர் ட்ரையிங் டு புட் ஹிம் ஆஃப்.'

வகுப்பில் மறுபடி மறுபடி திருத்திய தப்பு ஒன்று. 'இட்', 'ஹிம்', 'மி' மாதிரி குட்டிச் சொல் வந்தால் அது நடுவில்தான் உட்காரும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. 'புட் ஆஃப்' பின்னால் வினை வந்தால் 'கோயிங்' என்றுதான் வரும், 'டு கோ' வராது. ஐந்து மதிப்பெண் இதில் போகும்.

தோவாளைக்_கதம்பம் · இரவு 10.03

டீச்சர், இது நம்ம பேச்சுலயும் அச்சு அசலா இருக்கே! 'கல்யாணத்தைத் தள்ளி வச்சாச்சு'ன்னா தேதி மாறியிருக்கு. 'மருமகளைத் தள்ளி வச்சாச்சு'ன்னா? 'அந்தக் குடும்பத்தை ஊர்ல தள்ளி வச்சிருக்கு'ன்னா? சொல்லு ஒண்ணுதான். முன்னால நிக்கிறது காரியமா ஆளாங்கிறதுல அர்த்தமே புரண்டுபோகுது.

எங்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே வயித்துல புளி கரைக்கும். பூ வியாபாரம். போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்கு மாலை, மணவறைச் சரம் எல்லாம் சொல்லி வச்சிருந்தாங்க. விடியக்காலம் சந்தையில பிச்சியும் அரளியும் எடுத்து வந்து, ஆறு பேர் உக்காந்து பாதி மாலை கட்டியாச்சு. எட்டு மணிக்கு போன் வருது, மாப்பிள்ளை வீட்டுல துட்டி, தள்ளி வச்சிருக்கு. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், கட்டின பிச்சியை எங்க தள்ளி வைக்க? சாயங்காலத்துக்குள்ள நிறம் மாறிரும். அவங்களைச் சொல்லி என்ன, சாவு கேட்டுக்கிட்டா வருது.

பழைய_டீச்சர் · இரவு 10.09

தோவாளைக்காரரே, முப்பது வருஷத்தில் இந்த உதாரணம் எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் 'ஃப்ரேஸல் வெர்ப் (வினையோடு 'ஆஃப்' மாதிரி ஒரு சொல் ஒட்டி வேறு அர்த்தம் தருவது) என்பது ஆங்கிலத்துக்கே உரிய தொல்லை' என்றுதான் சொல்லிவந்தேன். அவர்கள் வீட்டிலேயே அது இருந்திருக்கிறது.

முப்பந்தல்_காத்து · இரவு 10.15

அப்போ 'தள்ளிப் போடு'ன்னா புட் ஆஃப். திருப்பி 'போட்டுத் தள்ளு'ன்னா ஆளே காலி. தமிழ் படிக்கிற வெள்ளைக்காரன் பாவம்.

'விட்டுக்கொடு', 'கொடுத்துவிடு'. இதையும் சேத்துக்கோங்க.

வாய்தா_வக்கீல் · இரவு 10.32

நாகர்கோவில் கோர்ட்டில் தினம் இதே பிழைப்பு என்பதால் அந்தச் சாக்கு மூட்டையை நான் கொஞ்சம் பிரிக்கிறேன்.

அட்ஜர்ன்: கூடிய சபை, எடுத்த வழக்கு, தொடங்கிய விசாரணை. இவற்றுக்குத்தான் அது பொருந்தும். கல்யாணத்தை அட்ஜர்ன் பண்ண முடியாது, தாலி பாதியில் நின்றால் ஒழிய. அந்தச் சொல்லின் வயிற்றில் பிரெஞ்சுக்காரனுடைய 'ஜூர்', அதாவது நாள், ஒளிந்திருக்கிறது. இன்ன நாளுக்கு என்று குறித்து நிறுத்துவது. அதனால்தான் நாள் குறிக்காமல் விட்டால் 'சைனே டை' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லத்தீனில் 'நாள் இல்லாமல்'. நம் பத்திரிகைகளில் வரும் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' அதுதான். நம்ம 'வாய்தா'வுக்கு மூலம் வாக்குறுதி என்று பொருள்படும் உருதுச் சொல். எத்தனை வாக்குறுதிகள் என்று கட்சிக்காரரைக் கேளுங்கள்.

ஷெல்வ்: இதற்குக் 'கிடப்பில் போடு' என்பதைவிட நல்ல தமிழ் கிடையாது. அவர்கள் பலகையில் தூக்கி வைக்கிறார்கள், நாம் தரையில் போடுகிறோம். ஃபைல் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே தூசிதான் தின்கிறது.

டேபிள்: இதை ஒத்திவைப்பு என்று படித்துவிட்டு இந்தியாவில் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் தீர்மானத்தை டேபிள் பண்ணினால் பேச்சை நிறுத்தி ஓரம்கட்டியதாக அர்த்தம். பிரிட்டனிலும் நம்மிடமும் நேர் எதிர்: மசோதாவை டேபிள் பண்ணினார்கள் என்றால் அவையில் தாக்கல் செய்துவிட்டார்கள்.

மஸ்கட்_மார்த்தாண்டம் · இரவு 10.40

டிஃபர் என்பது ஆபீஸ் பாஷை. லோன் தவணை, காலேஜ் அட்மிஷன் இதுக்கெல்லாம் வரும். வீட்டுல பேசும்போது 'ஐ டிஃபர்ட் மை பாத்'னு சொன்னா ஆள் கிறுக்குன்னு நெனப்பாங்க.

இன்னொண்ணு. 'லைட்டை புட் ஆஃப் பண்ணு'ன்னு நாம ஊர்ல சொல்லுவோம்ல, இங்க கேம்ப்ல சொன்னா பிலிப்பைன்காரன் முழிக்கான். டர்ன் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் இதுதான் எல்லா இடத்துலயும் செல்லுபடி ஆகுற காசு. 'ப்ரீபோன்', அதாவது தேதியை முன்னால இழுக்கிறது, நம்ம நாட்டுல நல்லா ஓடுற சொல்லு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே ஏறிட்டு. ஆனா வெளியாட்களுக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்ட்'னு எழுதிருங்க, சண்டை வராது.

குலசேகரம்_ஷீட் · இரவு 10.58

எங்க பக்கம், விளவங்கோடு கல்குளம் மேக்கால, பழைய ஆளுவ 'மாத்தி வச்சாச்சு'ன்னுதான் சொல்லும். மலையாளத்துலயும் அதுதான். 1956ல கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டுக்கு இங்கோட்டு வந்தாச்சு, சொல்லு வரல்ல. எனக்க அம்மைக்கு இப்பளும் கல்யாணம், ஆப்பரேசன், சர்ச்சு பெருநாள் எல்லாம் 'மாத்தி வைப்பு'தான். 'ஒத்தி வச்சாச்சு'ன்னு டிவியில சொன்னப்ப, "யாருக்க வீட்டை ஒத்தி வச்சானுவ?"ன்னு கேட்டா. பணத்துக்கு வீட்டை ஒத்தி வைக்கதுதான் அவளுக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். மழை பெஞ்சா ரப்பர்ல பால்வெட்டு கிடையாது. பட்டை நனைஞ்சிருந்தா பாலு சிரட்டைக்கு வராம வழிஞ்சு போவும். அப்ப வெட்டை புட் ஆஃப் பண்ணினோம்னு சொல்லலாமா?

கொளச்சல்_மணல் · இரவு 11.14

ஷீட்டு அண்ணனுக்கு நான் பதில் சொல்லுதேன், கடலுக்கும் அதுதான் கணக்கு. காலையில மூணு மணிக்கு கரையில வந்து நிக்கிறோம். கள்ளக்கடல் எச்சரிக்கைன்னு செய்தி வந்திருக்கு. காத்தே இல்லாம அல மட்டும் பொங்கிக்கிட்டு வரும், எங்கோ தூரத்துல கெளம்பின அல. வள்ளம் எறக்க முடியாது, நிக்கிறோம். இதுல நாங்க எதையும் புட் ஆஃப் பண்ணல. கடல் எங்கள டிலே பண்ணுது. ஆறு மணிக்குக் கடல் அடங்கியும் எவனாவது 'நாளைக்குப் பாக்கலாம்ல மக்கா'ன்னு டீக்கடைக்குத் திரும்பினா, அவன்தான் புட் ஆஃப் பண்ணினவன். தானா லேட் ஆகுறது வேற, ஒரு மனசு இருந்து தள்ளுறது வேற.

மீன்பிடித் தடைக்காலம் இந்த ரெண்டுலயும் சேராது. ஒரே ஜில்லாவுக்கு ரெண்டு தடைக்காலம் இருக்குன்னு வெளியூர்க்காரனுக்குச் சொன்னா நம்ப மாட்டான். சின்னமுட்டம் கெழக்குக் கடல் கணக்கு, விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14. கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேக்குக் கடல், ஜூன் 1லேருந்து ஜூலை 31. ரெண்டும் 61 நாள்தான். ஓடிக்கிட்டிருந்த தொழிலை நடுவுல நிறுத்தி, பொறவு விட்ட இடத்துலேருந்து ஓட்டுறது. அது சஸ்பெண்ட்.

இங்கிலீஷ்ல பழைய கப்பல் பேச்சுல 'புட் ஆஃப் ஃப்ரம் த ஷோர்'னு உண்டு, படகைக் கரையை விட்டுத் தள்ளிக்கிட்டுக் கெளம்புறது. வாத்தியார் ஒருத்தர் சொல்லித் தந்தது. நாங்களும் 'வள்ளம் தள்ளுறது'ன்னுதான் சொல்லுவோம்.

ஞாயிறுபள்ளி · இரவு 11.30

பழைய அர்த்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1611ல் வந்த ஆங்கில பைபிளில் எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசேயிடம் சொல்வது 'புட் ஆஃப் தை ஷூஸ்'. செருப்பை ஒத்திவைக்கச் சொல்லவில்லை, கழற்றச் சொல்கிறார். இன்றைக்கு அதற்கு 'டேக் ஆஃப்' வந்துவிட்டது. தமிழில் 'பாதரட்சையைக் கழற்றிப்போடு'. எபேசியரில் 'புட் ஆஃப்' வரும் இடத்தில் பழைய மனுஷனைக் 'களைந்துபோட்டு' என்றிருக்கும். இரண்டிலும் அந்தப் 'போடு' வந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்.

வாய்தா_வக்கீல் · இரவு 11.37

நல்ல இடம். 'போஸ்ட்போன்' லத்தீனில் பின்னால் வைப்பது. நாம் 'தள்ளிப் போடு', 'ஒத்திவை' என்கிறோம். போடு, வை, புட், 'போன்'. எல்லாருக்கும் காலம் ஒரு சாமான் மாதிரிதான் போல. எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைப்பு.

பழைய_டீச்சர் · காலை 5.48

தூக்கம் வரவில்லை, யோசித்துக்கொண்டே கிடந்தேன். சாமானை வைப்பது மட்டுமில்லை, தொங்கவிடுவதும் உண்டு. கொளச்சல் தம்பி சொன்ன 'சஸ்பெண்ட்', ஆபீசில் நாம் தினமும் கேட்கும் 'பெண்டிங்' இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான், தொங்குவது. இப்போது தமிழுக்கு வாருங்கள். 'தூங்கு' என்பதற்குப் பழைய பொருள் தொங்குவது. சங்கப் பாட்டில் 'தூங்கெயில்' என்றால் ஆகாயத்தில் தொங்கும் கோட்டை. குலசேகரம் அண்ணனைக் கேளுங்கள், மலையாளத்தில் இன்னும் தொங்குவதைத் தூங்குவது என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்துதான் தாமதிப்பது என்ற பொருளும் கிளைத்தது. வள்ளுவர் 672ல்:

*தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க*
*தூங்காது செய்யும் வினை*

ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததைப் போடாதே. புட் ஆஃப் பண்ணுவதே தப்பு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிற 'இன்றே செய், நன்றே செய்'யைவிட எனக்கு இது பிடிக்கும்.

சோம்பலில் தள்ளுவதற்கு அவரிடம் வேறு சொல் இருக்கிறது, 'நெடுநீர்'. குறள் 605. காலத்தை நீட்டிக்கொண்டே போகும் குணம். ஆங்கிலத்தில் 'ப்ரோகிராஸ்டினேஷன்' என்று வாயில் நுழையாமல் சொல்கிறார்களே, அதேதான். அதற்குள்ளும் லத்தீன் 'நாளை' உட்கார்ந்திருக்கிறது. நெடுநீர், மறதி, சோம்பல், தூக்கம் இந்த நான்கும் கெட்டுப்போகிறவன் ஆசையோடு ஏறும் கலன் என்கிறார் வள்ளுவர். கலன் என்பதற்குப் பரிமேலழகர் மரக்கலம் என்று உரை எழுதினார். 133 அடி உயரத்தில் கடல் நடுவே நிற்கிறவரிடம் போவதற்கே படகுக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் நாம். இந்தக் குறளை எப்படி மறந்தோம்?

தோவாளைக்_கதம்பம் · காலை 6.20

சந்தையிலேருந்து படிக்கேன். டீச்சர், கும்பிடு.

எனக்கு இன்னும் அந்த 'ஒரு மாதிரி ஆயிட்டு'தான் பிடிபடல. ரிபெல், டிஸ்கஸ்ட் எல்லாம் அதுக்குச் சரியா?

பழைய_டீச்சர் · காலை 6.41

ரெண்டும் ஓங்கரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அழுகின மீனைப் பார்த்தால் டிஸ்கஸ்ட். காது உடைந்த கப்பைப் பார்த்தால் புட் ஆஃப். முகம் லேசாகச் சுளிக்கும், ஆசை ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். 'டிடர்' வேறு, பின்விளைவுக்குப் பயந்து ஒதுங்குவது, நாய் இருக்கிறது என்று கேட்டில் எழுதிப்போடுவது போல. 'டிஸ்ஸுவேட்' என்றால் ஒருத்தர் வாயால் பேசி மனசை மாற்றுவது. 'டிஸ்கரேஜ்' கிட்டத்தில் வரும், ஆனால் அது தைரியத்தைத் தொடும். புட் ஆஃப் ஆசையைத் தொடும். அப்படிப்பட்ட குணமுள்ள பொருளை 'ஆஃப்-புட்டிங்' என்பார்கள், சொல் இடம் மாறிவிடும். ஒத்திவைத்த கூட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது.

அகராதி எல்லாவற்றுக்கும் சமன்குறி போட்டுவிடுகிறது. இந்த விஷயத்தில் 'ஒரு மாதிரி ஆயிட்டு' என்ற இரண்டு ரூம்காரர் மகளின் தமிழ்தான் ஆகச் சரியான மொழிபெயர்ப்பு. அந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு.

முப்பந்தல்_காத்து · காலை 7.05

சாக்குச் சொல்லி அனுப்புறதுக்குத் தமிழ் யாரும் சொல்லலையே? இழுத்தடிக்கிறது, நடையா நடக்க விடுறது, டபாய்க்கிறது. பெட்டிக்கடையில 'இன்று ரொக்கம், நாளை கடன்'னு போர்டு தொங்கும்ல, ஊரையே நிரந்தரமா புட் ஆஃப் பண்ணின ஒரே வாக்கியம் அதுதான்.

இரண்டு_ரூம் · காலை 9.30

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி குட்டிச் சொல்லை நடுவுல வச்சு எழுதிட்டேன்: "சாரி தட் த பாத்ரூம் புட் யூ ஆஃப். வி ஆர் ரிப்பேரிங் இட். மே ஐ செண்ட் நியூ போட்டோஸ்?" மக பாத்து சரின்னுட்டா.

வாளியும் கப்பும் புதுசு வாங்கியாச்சு. செவுருக்கு மட்டும் கொத்தனார் வரணும். திங்கக்கிழமை வாறேன்னான். திங்கள் போன் அடிச்சா, புதன். புதன் அவனுக்க மச்சானுக்கு வீடு பால்காச்சு. இப்ப வெள்ளின்னு நிக்கான்.

கொளச்சல்_மணல் · காலை 9.34

அண்ணாச்சி, இது எந்த புட் ஆஃப்?

இரண்டு_ரூம் · காலை 9.36

ஹி இஸ் புட்டிங் 'மி' ஆஃப். நடுவுல நாந்தான் உக்காந்திருக்கேன்.